இதயத்தை வரையத் தெரிந்தால் போதுமா?

மாணவர்களே, உங்களில் பெரும்பாலோர் இதயத்தின் படத்தை ஒரு முறையாவது வரைந்திருப்பீர்கள். மூன்றாம் படிவ அறிவியலில் ஒரு தடவை; உயிரியல் எடுத்தவர்கள் நான்காம் படிவத்தில் மறுபடியும். வலப்பக்கத்துக்கு நீலம், இடப்பக்கத்துக்குச் சிவப்பு. நான்கு அறைகள், வால்வுகள், மேலே போய் வளைந்து கீழிறங்கும் பெருந்தமனி. நானும் உங்கள் வயதில் வரைந்தேன். நன்றாகவே வரைவேன். என் நோட்டுப் புத்தகத்தை ஆசிரியர் பக்கத்து வகுப்புக்கு எடுத்துப் போய்க் காட்டியதுகூட உண்டு.

அந்த ஆண்டுதான் என் பெரியப்பா இறந்தார்.

உறவுக்காரர் வீட்டுத் திருமணம், கோயில் மண்டபத்தில். முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது. சாம்பார் வாளியுடன் பரிமாறிக்கொண்டு வந்த பெரியப்பா, பேச்சுமூச்சில்லாமல் அப்படியே சரிந்தார். எல்லாரும் ஓடி வந்தோம். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். இன்னொருவர் உள்ளங்காலைத் தேய்த்தார். அத்தை கோடாலித் தைலத்தை மூக்கருகே தடவினார். "காத்து விடுங்க, சுத்தி நிக்காதீங்க" என்று எல்லாரும் கத்தினார்கள். யாரும் நகரவில்லை. பெரியப்பாவின் வாய் திறந்து திறந்து மூடியது. இடையிடையே குறட்டை போல ஒரு சத்தம். "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்றார் சித்தப்பா. அதைக் கேட்டதும் எங்களுக்கெல்லாம் ஒரு நிம்மதி. பிறகு நான்கு பேர் தூக்கிக் காரில் ஏற்றினார்கள். மருத்துவமனைக்கு அரை மணி நேர ஓட்டம். அங்கே செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை.

அது மூச்சே இல்லை என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. இதயம் நின்ற பிறகும் மூளையின் அடித்தண்டு சில நிமிடங்களுக்கு அப்படி ஒரு திணறலை எழுப்பும். தண்ணீரை விட்டு வெளியே வந்த மீனைப் போல வாய் திறக்கும். ஆனால் அந்தத் திணறலால் உடலுக்கு உயிர்வளி கிடைப்பதில்லை. கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு சீராக இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு வரியை அன்று அந்த மண்டபத்தில் யாரும் அறிந்திருக்கவில்லை. இதயத்தின் நான்கு அறைகளையும் வண்ணம் தீட்டத் தெரிந்த நானும் அறிந்திருக்கவில்லை.

இதய அறுவை சிகிச்சை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பச்சை உடை, பெரிய விளக்கு, கையுறை அணிந்த நிபுணர். டாக்டராக வேண்டும் என்று சொல்லும் மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் இதய அறுவை நிபுணராக வேண்டும் என்பார்கள். அந்த ஆசையில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. ஆனால் அந்த நிபுணரின் மேசைக்கு நோயாளி உயிரோடு வந்து சேர வேண்டுமே! சேர்ப்பது யார்? இந்தக் கேள்வியை நம் பள்ளிகள் போதுமான அளவு கேட்கவில்லை என்பதுதான் என் கட்சி.

கொஞ்சம் வரலாற்றைப் பார்ப்போம். 1896ஆம் ஆண்டு வரை, துடிக்கும் இதயத்தில் தையல் போட்டு நோயாளியைப் பிழைக்க வைக்க முடியும் என்று பெரிய மருத்துவர்களே நம்பவில்லை. இங்கிலாந்தின் ஸ்டீபன் பேஜட் அதே ஆண்டு வெளியான தம் நூலில், இதய அறுவை சிகிச்சை இயற்கை வகுத்த எல்லையைத் தொட்டுவிட்டது என்ற பொருளில் எழுதியிருந்தார். அந்த ஆண்டு செப்டம்பர் மாதத்திலேயே ஜெர்மனியின் பிராங்ஃபர்ட் நகரில் 22 வயதுத் தோட்டத் தொழிலாளி ஒருவரை மார்பில் கத்திக்குத்துடன் கொண்டுவந்தார்கள். காயம்பட்ட இரண்டாம் நாள் அவர் சாகும் நிலைக்குப் போனார். வேறு வழியில்லாமல் லுட்விக் ரேன் என்ற மருத்துவர் மார்பைத் திறந்தார். இதயத்தைச் சுற்றியுள்ள பையில் இரத்தம் நிறைந்து இதயத்தை நெருக்கிக்கொண்டிருந்தது. வலது கீழறையில் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் கிழிசல். பட்டு நூலால் மூன்று தையல் போட்டார் ரேன். அந்த இளைஞர் பிழைத்துக்கொண்டார்.

இதில் என்னைக் கவர்வது தையல் அல்ல. கிழிசலைக் கண்டதும் ரேன் முதலில் செய்தது அதைத் தம் விரலால் அழுத்திப் பிடித்தது. இதய அறுவை சிகிச்சையின் வரலாறே ஒரு விபத்துக் காயத்தில், ஒரு விரல் அழுத்தத்தில் தொடங்குகிறது என்று சொல்லலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தின் வெளிச்சுவரில் தையல் போடலாம். உள்ளே உள்ள ஓட்டையை அடைப்பது எப்படி? இதயத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் மூளை நான்கு முதல் ஆறு நிமிடங்களில் சேதமடையத் தொடங்கும். அமெரிக்காவின் ஜான் கிப்பன் 1930களின் தொடக்கத்தில், நுரையீரல் தமனி அடைபட்ட ஒரு பெண் தம் கண் முன்னே இறப்பதை ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து பார்த்தார். இரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து, உயிர்வளி ஏற்றி, திரும்பச் செலுத்த முடிந்தால் இவளைக் காப்பாற்றலாமே என்று அப்போது தோன்றியது. அவரும் அவர் மனைவி மேரியும் தெருப்பூனைகளைப் பிடித்து வந்து சோதனை செய்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த பின், 1953 மே 6ஆம் நாள், பிலடெல்பியாவில் 18 வயதுப் பெண் ஒருவரின் இதயத்தை நிறுத்தி மேலறைகளுக்கு இடையே இருந்த ஓட்டையை அடைத்தார். 26 நிமிடங்கள் அந்தப் பெண்ணின் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக இயந்திரமே வேலை செய்தது. அடுத்து வந்த நோயாளிகளைக் கிப்பனால் காப்பாற்ற முடியவில்லை; மனம் உடைந்து அந்த அறுவை சிகிச்சையையே கைவிட்டார். இயந்திரத்தை மேம்படுத்திப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் மேயோ மருத்துவ நிலையத்தின் ஜான் கிர்க்ளின். இன்று நம் நாட்டில் ஐஜேஎன் எனப்படும் தேசிய இருதயக் கழகத்தில் நடக்கும் பல அறுவை சிகிச்சைகளுக்கும் அந்த இயந்திரத்தின் வாரிசுதான் துணை நிற்கிறது.

இப்போது ஒரு கேள்வி. பல இலட்சம் ரிங்கிட் பெறுமான அந்த இயந்திரம் செய்யும் அடிப்படை வேலை என்ன? இதயம் நிற்கும்போது மூளைக்கு இரத்தம் போய்க்கொண்டே இருக்கச் செய்வது. அவ்வளவுதான்.

அதே வேலையை வெறும் கையால் செய்யலாம் என்பது கிப்பனின் வெற்றிக்குச் சில ஆண்டுகள் கழித்துத் தெரிய வந்தது. அதுவும் தற்செயலாக. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கோவென்ஹோவன் என்ற மின் பொறியாளர் நாய்களுக்கு மின் அதிர்ச்சி கொடுத்து நின்ற இதயத்தை மீட்கும் ஆராய்ச்சியில் இருந்தார். அவரிடம் படித்துக்கொண்டிருந்த கை நிக்கர்பாக்கர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். மின் தகடுகள் கனமானவை. அவற்றை நாயின் மார்பில் வைத்து அழுத்தும்போது, மின்சாரம் பாய்ச்சுவதற்கு முன்பே, கால் தமனியில் இரத்த அழுத்தம் ஒரு துள்ளு துள்ளியது. மின்சாரம் இல்லை, கத்தி இல்லை, அழுத்தம் மட்டும். ஜேம்ஸ் ஜூட் என்ற அறுவை மருத்துவருடன் சேர்ந்து அவர்கள் 1960 ஜூலையில் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். இன்று நாம் சிபிஆர் என்று சொல்லும் இதய இயக்க மீட்பு முறையின் பிறப்பு அது. கவனித்தவர் ஒரு மாணவர் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கைக்கும் இயந்திரத்துக்கும் வித்தியாசம் நிச்சயம் உண்டு. ஓய்வில் இருக்கும் ஒரு பெரியவரின் இதயம் ஒரு துடிப்புக்கு ஏறக்குறைய 70 மில்லிலிட்டர் இரத்தத்தைத் தள்ளுகிறது. நிமிடத்துக்கு 72 துடிப்பு என்று கணக்குப் போடுங்கள்: 5 லிட்டர் வரும். நன்றாக அழுத்தப்படும் மார்பு இதில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு கொடுக்கும். குறைவுதான். ஆனால் பூச்சியத்தோடு ஒப்பிட்டால்? இன்னொன்றும் உண்டு. திடீரென்று விழுந்தவரின் இரத்தத்தில் உயிர்வளி இன்னும் இருக்கிறது. அதை மூளைவரை நகர்த்த ஆள்தான் இல்லை. அதனால்தான் பெரியவர்கள் திடீரென்று சாயும்போது வாயோடு வாய் வைத்து ஊதாமல், மார்பை மட்டும் அழுத்தினாலும் முதல் சில நிமிடங்களுக்குப் பலன் உண்டு என்கிறார்கள். நீரில் மூழ்கியவர்கள், சிறு குழந்தைகள் கதை வேறு. அவர்களுக்கு மூச்சும் கொடுக்க வேண்டும்.

எப்படி அழுத்துவது? நடு மார்பில் உள்ளங்கையின் அடிப்பகுதி, அதன் மேல் மறு கை. முழங்கை மடங்கக் கூடாது. 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம். ஒவ்வொரு அழுத்தலுக்குப் பிறகும் மார்பு முழுமையாக மேலே எழும்ப விட வேண்டும். அப்போதுதான் இதயத்தில் இரத்தம் நிரம்பும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. உறுமி மேளம் வாசிக்கும் மாணவர்கள் இருந்தால் தாளம் பிடிப்பது அவர்களுக்குக் கைவந்த கலை.

இதைப் படித்ததும் உங்களுக்குத் தெரிந்துவிட்டதா? தெரியவில்லை. சைக்கிள் ஓட்டுவது எப்படி என்று கட்டுரை படித்துவிட்டு ஓட்ட முடியுமா? என் வாதத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. நம் நான்காம் படிவ அறிவியல் பாடநூலில் அவசர உதவி பற்றி ஓர் இயலே இருக்கிறது. சிபிஆர் அதில் உண்டு. தொண்டையில் உணவு சிக்கினால் வயிற்றை அழுத்தி வெளியேற்றும் முறையும் உண்டு. ஆனால் அது பொது அறிவியல் பாடநூல். இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று தனித்தனியாக எடுக்கும் மாணவர்கள் அந்தப் புத்தகத்தைத் திறப்பதில்லை. அதாவது, நாளைக்கு மருத்துவர் ஆக ஆசைப்படும் மாணவருக்கு இதயத்தின் மின்னோட்டம் தெரிகிறது. சாய்ந்து விழுந்த தாத்தாவின் மார்பில் கையை எங்கே வைப்பது என்ற பாடம் அவருடைய பட்டியலிலேயே இல்லை! படிக்கும் மற்றவர்களுக்கும் அது தேர்வுக்கான நான்கு பக்கமாகவே முடிந்துவிடும் அபாயம் இருக்கிறது. செம்பிறைச் சங்கத்திலோ செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ் இயக்கத்திலோ இருக்கும் மாணவர்கள் பொம்மையில் அழுத்திப் பழகியிருப்பார்கள். அவர்கள் பாக்கியசாலிகள். சீருடை இயக்கத் தேர்வைப் பொறுத்து ஒருவருக்கு உயிர் காக்கத் தெரிவதும் தெரியாமல் போவதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

இதயம் நிற்பது ஒரு வகை. இதயம் நன்றாகவே இருக்க, குழாய் கிழிந்து இரத்தம் வெளியே கொட்டுவது இன்னொரு வகை. நம் நாட்டுச் சாலைகளை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. சாலை விபத்துகளில் இறப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். அவர்களில் உங்களைவிட இரண்டு மூன்று வயதே மூத்தவர்கள் ஏராளம்.

எல்லாரையும் காப்பாற்றிவிடலாம் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். நீங்கள் வரைந்த படத்தில் பெருந்தமனி வளைந்து கீழிறங்கும் இடத்தைக் கவனித்திருக்கிறீர்களா? வேகமாகப் போகும் வாகனம் மோதி ஒரு நொடியில் நிற்கும்போது, உடல் நின்றாலும் உள்ளே இதயமும் வளைவும் முன்னோக்கிப் போகின்றன. முதுகெலும்போடு ஒட்டிய கீழ்ப்பகுதி போவதில்லை. அந்தச் சந்திப்பில் குழாய் கிழிகிறது. இப்படிக் கிழிந்தவர்களில் ஏறக்குறைய 85 விழுக்காட்டினர் மருத்துவமனையைப் பார்க்கும் முன்பே இறந்துவிடுவதாக 1958ஆம் ஆண்டின் புகழ்பெற்ற ஆய்வு சொன்னது. பிழைத்து வந்தவர்களுக்கு முன்பெல்லாம் மார்பைத் திறந்து தைக்க வேண்டியிருந்தது. 1987இல் உக்ரேனின் கார்கிவ் நகரில் நிக்கோலாய் வோலோடோஸ் என்ற அறுவை மருத்துவர், மார்பைத் திறக்காமலே, துணி போர்த்திய உலோகச் சுருள் ஒன்றை இரத்தக் குழாய் வழியாக உள்ளே அனுப்பி, பழைய விபத்தில் சேதமடைந்த பெருந்தமனியைச் சரிசெய்தார். இன்று அதுதான் பெரும்பாலும் முதல் தேர்வு. அற்புதமான மருத்துவம். ஆனால் சாலையோரத்தில் நிற்கும் நீங்களோ நானோ அந்தக் கிழிசலுக்கு ஒன்றும் செய்ய முடியாது. வேகத்தைக் குறைப்பதும் இருக்கை வாரைப் போடுவதும்தான் அதற்கு மருந்து.

தொடையிலும் கையிலும் பீறிடும் இரத்தம் அப்படியல்ல. ஒரு பெரியவரின் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் இருக்கிறது. 2 லிட்டர் போனால் உயிருக்கு நேரடி ஆபத்து. கடையில் வாங்கும் ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டிலும் மற்றொன்றில் மூன்றில் ஒரு பங்கும். தொடைத் தமனி அறுந்தால் அதற்குச் சில நிமிடங்கள் போதும். ஆம்புலன்ஸ் ஒரு சில நிமிடங்களில் எல்லா இடத்துக்கும் வந்துவிட முடியாது. அது ஓட்டுநரின் குற்றமல்ல. இங்கே செய்ய வேண்டியது ரேன் செய்ததுதான். அழுத்திப் பிடிப்பது. சுத்தமான துணி கிடைத்தால் துணி, இல்லாவிட்டால் கழற்றிய பள்ளிச் சட்டை. இரத்தம் வரும் இடத்தின் மேலேயே உடல் எடையைப் போட்டு அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்கக் கூடாது. அதுவே அடைப்பாக இருக்கலாம். காப்பித் தூள், மஞ்சள் தூள், பற்பசை எதுவும் வேண்டாம். நம் வீடுகளில் இந்த வைத்தியம் இன்னும் ஓயவில்லை. இரத்தத்தில் நனைந்த கையோடு கைகழுவும் இடத்தைத் தேடும் வேலை பிறகு. ஆனால் கையுறையோ பிளாஸ்டிக் பையோ கிடைத்தால் முதலில் கையில் மாட்டிக்கொள்வது நல்லது.

மருத்துவர்களுக்கே இந்த முதல் நிமிடங்களின் ஒழுங்கைக் கற்றுக் கொடுத்தது ஒரு விபத்துதான். 1976 பிப்ரவரியில், ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு அறுவை மருத்துவர் ஓட்டிய சிறு விமானம் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் வயலொன்றில் விழுந்தது. மனைவி அங்கேயே இறந்தார். நான்கு பிள்ளைகளையும் இருட்டில் வெளியே இழுத்து, சாலையில் போன காரை நிறுத்தி, சிற்றூர் மருத்துவமனைக்குக் கொண்டு போனார். அங்கே கிடைத்த சிகிச்சை அவரைத் திடுக்கிட வைத்தது. அங்கிருந்தவர்கள் கெட்டவர்கள் அல்ல; எதை முதலில் பார்ப்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. 1978இல் ஸ்டைனரும் நண்பர்களும் அதற்கென ஒரு பயிற்சியைத் தொடங்கினார்கள். முதலில் மூச்சுப் பாதை, அடுத்து மூச்சு, அடுத்து இரத்த ஓட்டம் என்ற வரிசை. இன்று பல நாடுகளில் விபத்துப் பிரிவு மருத்துவர்கள் அந்தப் பயிற்சியைப் படிக்கிறார்கள். தேர்ந்த மருத்துவர்களுக்கே வரிசையைச் சொல்லிப் பழக்க வேண்டியிருந்தது என்றால், கூட்டத்தில் நின்று கைப்பேசியில் படம் பிடிப்பவரை மட்டும் திட்டி என்ன பயன்? அவர் கைக்கு வேறு வேலை யாரும் கற்றுத் தரவில்லை.

மருந்தும்கூட நேரத்துக்குக் கட்டுப்பட்டதே. ஜப்பானின் ஒகமோட்டோ தம்பதியர் 1960களில் கண்டுபிடித்த டிரானெக்சாமிக் அமிலம் என்ற மலிவான மருந்து, உறைந்த இரத்தம் கரைந்துவிடாமல் தடுக்கிறது. 20,000க்கும் அதிகமான விபத்து நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2010இல் வெளிவந்து, அது உயிர் காப்பதை உறுதி செய்தது. ஆனால் மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான். அதற்குள்ளும் ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்துக்கும் பலன் ஏறக்குறைய 10 விழுக்காடு குறைகிறது என்று பின்னால் வந்த ஆய்வு காட்டியது.

பள்ளியில் கற்றுக் கொடுத்தால் உண்மையிலேயே மாற்றம் வருமா? காற்பந்து இரசிகர்களுக்கு 2021 ஜூன் 12 நினைவிருக்கும். கோப்பன்ஹேகன் திடலில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் ஆட்டத்தின் நடுவே சுருண்டு விழுந்தார். அணித்தலைவர் சீமோன் கியார் ஓடிப் போய் உதவினார். மருத்துவக் குழு திடலிலேயே மார்பை அழுத்தி, மின் அதிர்ச்சி கொடுத்தது. எட்டு மாதத்தில் எரிக்சன் மார்பில் பொருத்திய சிறு கருவியோடு மறுபடி ஆடினார். திடலில் மருத்துவர்கள் இருந்தார்கள், அது தனிக் கதை. ஆனால் மருத்துவர் இல்லாத வீதிகளுக்கும் டென்மார்க் முன்னரே தயாராகியிருந்தது. 2005இல் பள்ளியில் சிபிஆர் கட்டாயம். 2006இல் வாகன உரிமம் எடுப்பவர்களுக்கும் கட்டாயம். 2001இல் இதயம் நின்று விழுந்தவர்களில் நூற்றுக்கு 21 பேருக்குத்தான் அருகில் இருந்தவர்கள் மார்பை அழுத்தினார்கள். 2010இல் அது 45. முப்பது நாள் கழித்தும் உயிரோடு இருந்தவர்கள் 3.5 விழுக்காட்டிலிருந்து 10.8 விழுக்காடு ஆனார்கள்.

அறிவியல் மாணவர்களாகிய நீங்கள் இங்கே கையைத் தூக்க வேண்டும். அதே காலத்தில் ஆம்புலன்ஸ் சேவையும் மருத்துவமனைச் சிகிச்சையும் மேம்பட்டனவே, பள்ளிப் பாடம்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது? சரியான கேள்வி. ஆய்வாளர்களும் அப்படி அடித்துச் சொல்லவில்லை. இருந்தாலும், அழுத்துபவர்கள் இரு மடங்கானது தானாக நடந்திருக்கும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. 12 வயது முதல் ஆண்டுக்கு இரண்டு மணி நேரம் மாணவர்களுக்குச் சிபிஆர் கற்பிக்க வேண்டும் என்ற பரிந்துரைக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் ஆதரவு தெரிவித்தது. ஆண்டுக்கு இரண்டே மணி நேரம்! ஒரு விளையாட்டுப் போட்டி ஒத்திகைக்கு நாம் செலவிடுவதைவிடக் குறைவு.

அதற்கு மேல் ஒரு பெட்டியும் வேண்டும். திடீரென்று விழுபவர்களில் பலருக்கு இதயத்தின் கீழறைகள் துடிக்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும். அந்த நடுக்கத்தை நிறுத்த மின் அதிர்ச்சி தேவை. 1965இல் பெல்பாஸ்டின் பிராங்க் பான்ட்ரிஜ் முதல் நடமாடும் கருவியைச் செய்தபோது அதன் எடை 70 கிலோ. கார் மின்கலத்தில் ஓடியது. இன்றைய ஏஇடி கருவி உங்கள் புத்தகப் பையைவிட இலகு. திறந்தால் பேசும், என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும், இதயத்தின் நிலையைத் தானே ஆராயும். தேவையில்லாத இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்காது. அழுத்தலும் இல்லை, அதிர்ச்சியும் இல்லை என்றால் பிழைக்கும் வாய்ப்பு நிமிடத்துக்கு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. அண்டை நாடான சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகளின் மின்தூக்கி வாசலில் இந்தப் பெட்டியைப் பார்க்கலாம். நம் விமான நிலையத்திலும் பெரிய பேரங்காடிகளிலும் உண்டு. உங்கள் பள்ளியில் இருக்கிறதா? திங்கட்கிழமை அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

"தப்பாகச் செய்துவிட்டால்?" என்று உங்களில் சிலர் பயப்படுவீர்கள். விலா எலும்பு முறியலாம், உண்மைதான். சரியாக அழுத்தினாலேகூட முறிவதுண்டு. முறிந்த எலும்பு சேரும். நின்ற இதயத்தை அப்படியே விட்டுவிட்டால் மிஞ்சுவது என்ன? இன்னொரு தயக்கம் நம்மிடையே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. விழுந்தவர் பெண்ணாக இருந்தால் அந்நியர் ஒருவர் மார்பில் கை வைப்பதா என்ற கூச்சம். இது நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்க ஆய்வு ஒன்றில், பொது இடத்தில் விழுந்த ஆண்களில் 45 விழுக்காட்டினருக்குச் சிபிஆர் கிடைத்தது. பெண்களில் 39 விழுக்காட்டினருக்கு மட்டும். கூச்சத்துக்கு இப்படியும் ஒரு விலை இருக்கிறது. மாணவிகள் கற்றுக்கொண்டால் அந்த இடைவெளி குறையும். மாணவர்களும் கூச்சத்தைப் பொம்மையிலேயே விட்டுவிட்டு வர வேண்டும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். எல்லாப் படிவ மாணவர்களுக்கும், எந்தப் பிரிவில் படித்தாலும், ஆண்டுக்கு இரண்டு மணி நேரம். பொம்மை, ஏஇடி மாதிரிக் கருவி, இரத்தத்தை அழுத்தி நிறுத்தும் பயிற்சி. மதிப்பெண் வேண்டாம், எஸ்பிஎம்மில் கேள்வி வேண்டாம். மதிப்பெண் போட்டால் மறுபடி நான்கு பக்கம் மனப்பாடமாகிவிடும். கல்வி அமைச்சு முடிவு செய்யும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. பள்ளியின் செம்பிறைச் சங்க ஆசிரியரிடம் போய், எங்கள் வகுப்புக்கும் ஒரு நாள் பொம்மையைக் கொடுங்கள் என்று கேட்கலாம். 999 என்ற எண்ணை அழைத்தால் என்ன சொல்வது என்றும் அன்றே ஒத்திகை பாருங்கள்: இடம், அருகில் உள்ள அடையாளம், என்ன நடந்தது. கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டுத் தரையில் வைத்துவிட்டு அழுத்தத் தொடங்க வேண்டும்.

நான் முதல் முறை பொம்மையில் அழுத்தியபோது எனக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. 5 சென்டிமீட்டர் என்பது படிக்கும்போது சின்ன எண். அழுத்தும்போது உடல் முழுவதும் தேவைப்பட்டது. ஒரு நிமிடத்தில் வியர்த்துவிட்டது. இரண்டாவது நிமிடத்தில் கை நடுங்கியது, ஆழம் குறையத் தொடங்கியது. பயிற்சியாளர் என் தோளைத் தட்டி நகரச் சொன்னார். எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும், அதுதான் முறை என்றார். நான் எழுந்து ஓரமாக நின்றேன். அடுத்தவர் அழுத்தத் தொடங்கினார்.

அன்று அந்த மண்டபத்தில் நாங்கள் இருநூறு பேர் இருந்தோம்.